“நெட் வரலை, மிஸ்!” – ஒரு வைஃபை அடாப்டர் நடத்திய பாடம்

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகள் எப்படி இருந்தன என்பது ஆசிரியர்கள் பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பள்ளியின் தரைத்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. மேல்நிலை வகுப்புகளுக்கான கணினி அறை தரைத்தளத்தில்தான் இருந்தது. மேசைமேல் இருந்த ஒன்பது கணினிகளும் தப்பின. சுவரோரம் தரையோடு ஓடிய லேன் கேபிள்களும், கீழ்த்தட்டில் வைத்திருந்த சுவிட்ச் பெட்டியும் தப்பவில்லை.

தண்ணீர் வடிந்ததும் கணினிகளை மாணவர்களே முதல் தளத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே மின்சாரம் உண்டு, மின்விசிறி உண்டு, லேன் பாயின்ட் கிடையாது. பிராட்பேண்ட் ரவுட்டர் கீழே தலைமையாசிரியர் அறையில். நேர்கோட்டில் அளந்தால் பன்னிரண்டு மீட்டர் இருக்கும். நடுவே ஒரு கான்கிரீட் தளம், ஒரு செங்கல் சுவர்.

“டீச்சர், மே மாசத்துக்குள்ள மேல நெட் வந்துடுமா?” என்று தலைமையாசிரியர் கேட்டார்.

மே மாதம் என்று அவர் குறிப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பிளஸ் 2 முடிவு வந்ததும் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். ஆனால் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் பிரௌசிங் சென்டரில் 200 ரூபாய் வரை கொடுத்துவிட்டு வருவார்கள். பணம்கூடப் போகட்டும். முந்தைய ஆண்டு எங்கள் மாணவி ஒருத்திக்கு அப்படி வெளியே அவசரத்தில் நிரப்பிக் கொடுத்ததில் இனப்பிரிவு தவறாகப் பதிவாகிவிட்டது. தரவரிசைப் பட்டியல் வந்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள். அலைந்து திரிந்து திருத்தியபோது அவள் கேட்ட பி.எஸ்சி. கணிதம் நிரம்பிவிட்டது. அந்தப் பெண் என் வகுப்பில் படித்தவள். விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே, பிள்ளைகள் தம் கையாலேயே, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது நிரப்ப வேண்டும் என்று அப்போது முடிவு செய்திருந்தோம். அதற்கு நெட் வேண்டும்.

“வந்துடும் சார்” என்று சொல்லிவிட்டேன். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் ரிச்சி தெருவிலிருந்து ஒன்பது யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர்களை மொத்தமாக வாங்கி வந்தேன். அதுதான் முதல் தவறு. ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு மீதி எட்டை வாங்கியிருக்க வேண்டும். மொத்தமாக எடுத்தால் விலை குறைவு என்றார்கள், மயங்கிவிட்டேன். ஒன்பதையும் செருகினோம். இரண்டில் மட்டும் வைஃபை வந்தது. மற்ற ஏழிலிருந்தும் ஒரே குரல்: “நெட் வரலை, மிஸ்!”

சில ஆண்டுகளாகப் பிளஸ் 2 கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பை நடத்தி வருகிறேன். ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் கரும்பலகையில் ஏணி போல வரைவேன். பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். அன்று ஏழு கணினிகள் முன்னால் நின்றபோதுதான் எனக்கே அந்த ஏணி எதற்கென்று புரிந்தது. “நெட் வரலை” என்பது ஒரு பிரச்சினை அல்ல. கீழ்ப்படியில் நின்றும் சொல்லலாம், மேல்படியில் நின்றும் சொல்லலாம். எந்தப் படியில் வரவில்லை என்று தெரியாமல் டிரைவரை நீக்கி நிறுவுவதும், கணினியை அணைத்துப் போடுவதும் வீண் வேலை.

எனவே அடுத்த வாரம் கணினிப் பாடவேளைகள் இரண்டை இதற்கே ஒதுக்கினேன். பிளஸ் 2 மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்து ஆளுக்கொரு கணினியைக் கொடுத்தேன். ஐந்து கேள்விகள், கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும், ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. சிஸ்டம் அடாப்டரைப் பார்க்கிறதா? அதற்கு டிரைவர் இருக்கிறதா? காற்றில் நம் ரவுட்டரின் பெயர் தெரிகிறதா? முகவரி கிடைத்ததா? தளத்தின் பெயரைக் கொடுத்தால் பக்கம் வருகிறதா?

முதல் கேள்வியிலேயே ஒரு குழு நின்றுவிட்டது. விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அடாப்டரைச் செருகினால் பட்டியல் ஒருமுறை சிமிட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் இல்லாவிட்டாலும் ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின்கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வரும். அவர்களுக்கு எதுவுமே வரவில்லை. மஞ்சள் முக்கோணம் வந்தால் அது நல்ல செய்தி என்று பிள்ளைகளிடம் சொன்னேன்: சிஸ்டம் பார்த்துவிட்டது, யார் என்றுதான் தெரியவில்லை. எதுவும் வராவிட்டால் கோளாறு துளையிலோ அடாப்டரிலோதான். இந்தக் கணினியில் முன்பக்கத் துளைகள் உள்ளே மதர்போர்டோடு இணைக்கப்படவே இல்லை. பின்பக்கம் செருகியதும் முக்கோணம் வந்தது. குழுவே கைதட்டியது. மஞ்சள் முக்கோணத்துக்குக் கைதட்டிய வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஐந்து கணினிகளில் உபுண்டு 18.04 இருந்தது. அதில் முனையத்தைத் திறந்து எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்ற கட்டளையை, புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் சிறிய எழுத்தில், அடித்தால் போதும். செருகியிருக்கும் யூ.எஸ்.பி. சாதனங்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் முக்காற்புள்ளி வைத்த நான்கும் நான்குமாக எட்டு இலக்கங்கள். இலக்கங்களுக்கு இடையே ஏ, பி, டி என்று எழுத்துகளும் கலந்திருந்தன.

“மிஸ், இது ஹெக்ஸாடெசிமல்தானே? போன வருஷம் எண் முறைகள் பாடத்துல வந்துச்சே!” என்றான் ஒருவன்.

அன்றைய பாடவேளை முழுவதையும் அந்த ஒரு கேள்வி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பதினாறடிமான எண்ணைப் பத்தடிமானமாக மாற்றும் கணக்கைப் பிளஸ் 1-இல் எத்தனை முறை போட்டிருப்பார்கள்! அது எங்கே பயன்படுகிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளரின் எண், அடுத்த நான்கு பொருளின் எண். நான்கு பதினாறடிமான இலக்கம் என்றால் 16 பிட். அப்படியானால் உலகத்தில் அதிகபட்சம் எத்தனை தயாரிப்பாளர்களுக்கு இந்த முறையில் எண் கொடுக்க முடியும்? 65,536 என்று மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் கத்தின. விண்டோஸில் இதே எண்ணைப் பார்க்க, அந்த மஞ்சள் முக்கோணத்தின்மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போக வேண்டும்.

இந்த எண்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. டிரைவர் தேடும்போது நாம் பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்துத் தேடுகிறோம். அடாப்டரை விற்பவர் ஒருவர். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர் வேறொருவர். டிரைவர் சிப்புக்கானது. ஒரே மாடல் எண், ஒரே படம், ஒரே அட்டை. பதிப்பு 1-இல் ஒரு சிப், பதிப்பு 2-இல் வேறொரு நிறுவனத்தின் சிப் என்று வருவது இந்தச் சந்தையில் சகஜம். எங்கள் ஒன்பது அடாப்டர்களின் எண்களையும் பலகையில் எழுதிப் பார்த்தோம். இரண்டு விதமாக இருந்தன. வேலை செய்த இரண்டும் ஒரு விதம், வேலை செய்யாத ஏழும் இன்னொரு விதம். ஏழு கணினிகள் பழுது என்று நான் பதிவேட்டில் எழுத இருந்தேன். கணினிகளிடம் குற்றமே இல்லை.

அந்த ஏழிலும் இன்னொரு வேடிக்கை. பட்டியலில் அவை வைஃபை சாதனமாக வராமல் ‘டிஸ்க்’ என்று வந்தன. விண்டோஸில் ‘திஸ் பிசி’யைத் திறந்தால் புதிதாக ஒரு சி.டி. டிரைவ் தெரிந்தது. எங்கள் கணினிகளில் பாதிக்கு சி.டி. டிரைவே கிடையாது! டிரைவர் மென்பொருளைத் தனிக் குறுந்தகட்டில் கொடுக்காமல் அடாப்டருக்குள்ளேயே வைத்து, முதலில் சி.டி. போல நடிக்கும்படி செய்திருக்கிறார்கள். விண்டோஸில் அந்தப் பொய் சி.டி.க்குள் இருக்கும் நிறுவல் கோப்பை ஓடவிட்டால் டிரைவர் ஏறும். அடாப்டர் நடிப்பை விட்டுவிட்டுத் தன் சொந்த வேலைக்கு வரும். இதனால் நெட் இல்லாமலேயே விண்டோஸ் கணினிகள் சரியாகிவிட்டன. உபுண்டுவில் அந்த டிஸ்க்கை ‘எஜெக்ட்’ செய்ய வேண்டும். செய்ததும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. பட்டியலில் எண்ணே மாறிவிடும். பிள்ளைகள் எஜெக்ட் செய்வதும் எண் மாறுவதைப் பார்ப்பதுமாக நான்கைந்து முறை விளையாடினார்கள்.

ஆனால் எண் மாறியும் உபுண்டுவில் வைஃபை வரவில்லை. முதல் கேள்விக்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் எனப்படும் கருவுக்குள்ளேயே வந்துவிடும். தனியாகத் தேட வேண்டியதில்லை. எங்களிடம் இருந்த சிப்புக்கான யூ.எஸ்.பி. டிரைவர் 2023 தொடக்கத்தில் வந்த 6.2 பதிப்புக் கருவில்தான் சேர்க்கப்பட்டது. எங்கள் கணினிகளில் இருந்ததோ 2018-ஆம் ஆண்டு உபுண்டு. 2023 ஆகஸ்டில் வெளியான உபுண்டு 22.04.3 அந்த 6.2 கருவோடு வருகிறது. அதைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் ‘டிரை உபுண்டு’ முறையில் முதலில் ஓட்டிப் பார்த்தோம். வைஃபை குறி தெரிந்தது. அதன் பிறகே நிறுவினோம். பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கும் இந்த வழக்கத்தை எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். வன்தட்டில் கை வைக்காமலேயே பதில் தெரிந்துவிடும்.

லினக்ஸ் என்றதும் நம்மில் சிலர் தயங்குகிறோம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததை மறந்துவிட்டோம். பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய இயக்க முறைமை. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் சி-டாக்கின் சென்னைப் பிரிவோடு கைகோத்து நின்றது, எங்களுக்குப் பக்கத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். மின்சார ரயிலில் தினமும் அந்த ஊரைக் கடந்து போகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு தனி ஆர்வம் வருகிறது. பிளஸ் 2 நூலின் திறந்த மூலப் பாடத்துக்கும் அது முகவுரையாக அமைந்தது.

டிரைவர் விஷயத்தில் எல்லாப் பள்ளிக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு: நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். இதற்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு கைப்பேசியை சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’கை இயக்குவது. கணினி கைப்பேசியை ஒரு லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; பள்ளி வைஃபையில் இருந்தாலும் அதையே கணினிக்குக் கடத்தும். அதாவது கைப்பேசியே வைஃபை அடாப்டர் ஆகிவிடுகிறது. கேபிள் தரவைக் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் நடக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: தேடுபொறியில் முதலில் வரும் ‘எல்லா டிரைவரும் இலவசம்’ வகைத் தளங்களுக்குப் போக வேண்டாம். அடாப்டர் தயாரிப்பாளரின் தளம், சிப் தயாரிப்பாளரின் தளம், விண்டோஸ் அப்டேட், இந்த மூன்றைத் தவிர வேறெங்கிருந்தும் டிரைவர் இறக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வக விதி. அதே கணினியில்தான் பிள்ளைகளின் ஆதார் எண்ணையும் மதிப்பெண் பட்டியலையும் பதிவேற்றப் போகிறோம்.

மூன்றாவது கேள்வியில் நானே மாட்டினேன். டிரைவர் ஏறிவிட்டது, அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, சோதனைக்காக நான் மேசையில் வைத்திருந்த என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியவில்லை. அரை மணி நேரம் போராடினேன். முதல் வகை அடாப்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்கக்கூடியவை. என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. பண்பலை வானொலியில் மத்திய அலை நிலையத்தைத் தேடியது போலத்தான். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-க்கு மாற்றியதும் வந்துவிட்டது.

இங்கே அலைவரிசை பற்றிக் கொஞ்சம் பேசினோம். வானொலி நிலையம் நடத்த அரசின் உரிமம் வேண்டும். ரவுட்டரும் வானொலி அலையைத்தானே பரப்புகிறது, அதற்கு ஏன் உரிமம் கேட்பதில்லை? 2005 ஜனவரியில் மத்திய அரசு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று விதி வகுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இன்னும் தாராளமாக 2018 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. உரிமம் வேண்டாம் என்றால் நெரிசலும் உண்டு. 2.4 பட்டையில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருக்கின்றன, ஆனால் அடுத்தடுத்த சேனல்களின் மையங்களுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு இணைப்போ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். எனவே ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் பயன்படுத்த முடிகிறது. கைப்பேசியில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து காட்டினேன். பள்ளியைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகள் எல்லாம் 6-இல் குவிந்திருந்தன. எங்கள் ரவுட்டரும் அங்கேயே. அதை 11-க்கு மாற்றினோம்.

அப்படியும் நான்கு கணினிகளில் சிக்னல் ஒரு கோடுதான். காரணம் கண்ணெதிரே இருந்தது. அடாப்டர் கணினியின் பின்பக்கம், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருட்டில் செருகப்பட்டிருந்தது. இரும்பு அலையை மறைக்கும். அரை மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் ஒன்றை வைத்து அடாப்டரை மேசைக்கு மேலே கொண்டுவந்தோம். அனலைசரில் அலைவலிமை எதிர்ம எண்ணாக, டெசிபல் கணக்கில் தெரியும். பத்து டெசிபல் குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு. இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. ரவுட்டர் அருகே −40 என்று காட்டியது மேல்தளத்தில் −70. எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டேன். ‘ஆயிரத்தில் ஒரு பங்கு’ என்ற விடையை நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தார்கள். நீலநிற யூ.எஸ்.பி. 3.0 துளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றின் தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்குகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பக்கத்து நீலத் துளையில் வன்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் சிறிய வைஃபை அடாப்டர் தடுமாறும். கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது அதே நீட்டிப்புக் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது கேள்வி எங்களுக்கு அதிக வேலை வைக்கவில்லை. கடவுச்சொல் கொடுத்து இணைந்த பின் ஐ.பி. முகவரியைப் பார்க்க வேண்டும். எங்கள் ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது. ஒரு கணினியில் மட்டும் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது. ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காத கணினி தானாக வைத்துக்கொள்ளும் முகவரி அது. வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைத்ததும் சரியானது.

ஐந்தாவதில்தான் எதிர்பாராத திருப்பம். மூன்று கணினிகளில் வைஃபை முழுக் கோடு, முகவரியும் உண்டு, 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்பினால் பதில் வருகிறது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று உலாவி தடுக்கிறது. டி.என்.எஸ். கோளாறு என்று நான் உறுதியாகச் சொன்னேன். களப்பெயர் முறைமைப் பாடத்தை அப்போதுதான் நடத்தி முடித்திருந்த தைரியம்.

“மிஸ், கீழ தேதியைப் பாருங்க. 2009-ன்னு இருக்கு” என்றாள் கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி.

தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. கணினி தன்னை 2009-இல் இருப்பதாக நினைத்தால், 2023-இல் வழங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று. புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததில், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். மூன்று செல்லையும் அந்த மாணவியே மாற்றினாள். பதிவேட்டில் ‘நெட்வொர்க் பழுது’ என்று எழுதப்படும் எத்தனை கணினிகளுக்கு இந்தச் செல்தான் தேவையோ!

கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. எங்கள் ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதி இருந்ததால் மாணவர் கணினிகளுக்கு அதைக் கொடுத்தோம். அலுவலகக் கணினியும் எமிஸ் பணிகளும் தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. உலாவியில் ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. ஒன்பது மேசைக் கணினிகளை வைஃபையில் ஓட்டுவது நிரந்தர ஏற்பாடு ஆகாது. காற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒன்பது பேரும் ஒரே ரவுட்டரிடம் பேச முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒன்பதிலும் ஒரே நேரத்தில் காணொலி ஓடவிட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இடம் மாறாத கணினிக்குக் கேபிள்தான் நல்லது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்; எங்களுக்குத் தேவை முப்பதுதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கீழிருந்து மேலே ஒரே ஒரு கேபிளை ஜன்னலுக்கு மேலாக, இந்த முறை தரையைத் தொடாமல், இழுத்துப் புதிய சுவிட்சில் இணைத்துவிட்டோம். முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சுவிட்சுக்கும் கேபிளுக்கும் நிதி வர ஜூன் ஆனது. பிள்ளைகளின் விண்ணப்பத் தேதி ஜூன் வரை காத்திருக்காது.

அடாப்டர்கள் வீணாகவில்லை. அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த அரசு மடிக்கணினி வைஃபை பழுதாகி வீட்டில் சும்மா கிடக்கிறது என்று வகுப்பில் நான்கு பேர் சொன்னார்கள். கொண்டுவரச் சொல்லி அதே ஐந்து கேள்விகளைக் கேட்டோம். ஒன்றில் விசைப்பலகையின் வைஃபை விசை யாரோ அழுத்தி அணைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டில் உள்ளிருந்த வைஃபை அட்டையே போய்விட்டது, யூ.எஸ்.பி. அடாப்டரைச் செருகியதும் பிழைத்துக்கொண்டன. நான்காவதுக்குத் திரையும் போயிருந்தது. இப்போது அடாப்டர்களைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். ஒவ்வொன்றின்மேலும் அதன் எட்டு இலக்க எண்ணைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

மே மாதம் முடிவுகள் வந்த வாரத்தில் முப்பத்தொரு பேர் மேல்தளத்துக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் தாமே தட்டச்சு செய்தார்கள். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துமுன் இனப்பிரிவு, மதிப்பெண், பாட விருப்பம் மூன்றையும் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு மாணவன் வாசிக்கக் கேட்டபோது தன் பிறந்த ஆண்டு தவறாக இருப்பதைக் கண்டுபிடித்தான். இரண்டாம் நாள் மதியம் மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் நெட் நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து போவதற்குள், பட்டன் செல் மாற்றிய அதே மாணவி சுவரில் ஒட்டியிருந்த ஐந்து கேள்வித் தாளைப் பார்த்தபடி மேசைக்கு அடியில் குனிந்துவிட்டாள். நீட்டிப்புப் பெட்டியின் சுவிட்சை யாரோ காலால் இடித்திருந்தார்கள். அவள் எழுந்து வந்து, தாளின் மேலே இருந்த கொஞ்ச இடத்தில் பேனாவால் எழுதினாள்: ‘கேள்வி 0 – கரண்ட் இருக்கா?’